மாடல் ரயில் இன்ஜின் ஏன் படுத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் ரயில் வைத்திருக்கிற நண்பர்கள் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு ஊர் சென்னைப் பெரம்பூர். வீட்டு மாடி அறையில் எச்ஓ அளவில், அதாவது 1:87 விகிதத்தில், 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் இருபது வருடமாக ரயில் ஓட்டுகிறேன். என் கையில் பிரித்துப் பூட்டிய இன்ஜின்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சரியாக ஓடவில்லை என்றால் புதிதாக வருகிறவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள், தண்டவாளம் சரியாகப் போடவில்லையோ, வயரிங் தப்போ என்று. சில நேரம் அப்படித்தான். ஆனால் நான் பிரித்துப் பார்த்தவற்றில் முக்கால்வாசி, வரைபடம் போடும்போதே அல்லது பூட்டும்போதே நடந்த கோளாறு. விலை கொடுத்து வாங்கியவர் குற்ற உணர்ச்சியில் அதை அலமாரியில் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது.

புது இன்ஜின். பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் திக்கித் திக்கி ஓடுகிறது, பாயிண்ட் மேல், அதாவது பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், வந்தால் நின்றே விடுகிறது. மோட்டார் போய்விட்டதா?

மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். மின்சாரம் அதுவரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒரு தண்டவாளத்தில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ். சக்கரம் அதைத் தொடுகிறது, சக்கரத்தின் முதுகை, அதாவது உட்பக்கத்தை, உரசிக்கொண்டிருக்கிற மெல்லிய பித்தளை அல்லது வெண்கலத் தகடு அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. முடியைவிடக் கொஞ்சம் தடிமனான அந்தத் தகட்டை நம்பித்தான் முழு இன்ஜினும் ஓடுகிறது.

இதில் வடிவமைப்பாளர் செய்கிற கஞ்சத்தனம்தான் பிரச்சினை. எட்டு சக்கரம் இருக்கும், நான்கில் மட்டும் தகடு வைத்திருப்பார்கள். அந்த நான்கில் இரண்டுக்கு வழுக்காமல் பிடிக்க ரப்பர் வளையம் மாட்டியிருந்தால் அவற்றிலிருந்து மின்சாரம் வராது. மிச்சம் இரண்டு. பாயிண்டின் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் முக்கோணத்தின் மேல் அதில் ஒன்று ஏறினால் வண்டி நின்றுவிடும். யார்டில் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கிற சின்ன ஷண்டிங் இன்ஜின்களில், நான்கே சக்கரம் உள்ளவற்றில், இது இன்னும் மோசம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினைக் கவிழ்த்து ஒரு துண்டின் மேல் வையுங்கள். மல்டிமீட்டரை பீப் அடிக்கிற நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டாருக்குப் போகிற வயரிலும் மற்றொன்றைச் சக்கரத்திலும் தொடுங்கள், ஒவ்வொரு சக்கரமாக. சக்கரத்தை விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளியும் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளினால் பீப் வருகிறது, மறுபக்கம் தள்ளினால் வரவில்லை என்றால் தகடு எட்டவில்லை. ட்வீசரால் அரை மி.மீ. வளைத்துவிட்டால் போதும். ரொம்ப வளைத்தால் அதுவே பிரேக் மாதிரி பிடிக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக.

தகடே இல்லாத சக்கரங்களுக்கு நாமே வைக்கலாம். பாஸ்பர் பிரான்ஸ் என்கிற வெண்கலக் கம்பி ஒரு துண்டு, சால்டரிங் அயர்ன், பொறுமை. எட்டில் எட்டும் மின்சாரம் எடுக்கிற இன்ஜின் ஊர்கிற வேகத்தில் பாயிண்டைத் தாண்டும்போது, முதலிலேயே இப்படிச் செய்து கொடுத்திருந்தால் என்ன என்றுதான் தோன்றும்.

ஓடும்போது டிக், டிக், டிக் என்று ஒரே சீராகச் சத்தம். வேகம் கூட்டினால் சத்தமும் வேகமாகிறது.

கியர் பிளந்திருக்கிறது. பார்க்காமலே சொல்வேன், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நல்ல பெயருள்ள ஒரு கம்பெனியின் டீசல் இன்ஜின், ஆசையாக வாங்கி, இடம் இல்லாததால் பெட்டியோடு பரணில் வைத்துவிட்டேன். ஆறு வருடம் கழித்து எடுத்து ஓட்டினால் டிக் டிக். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. அடித்தட்டைக் கழற்றி, சௌகார்பேட்டையில் நகை வேலைச் சாமான் விற்கிற கடையில் வாங்கிய பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். அச்சின் நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கியரில், இரண்டு பல்லுக்கு நடுவே, ஒரு கோடு. தலைமுடி விழுந்திருக்கிறது என்று ஊதினேன், போகவில்லை. விளக்கை நோக்கிப் பிடித்தால் கோட்டின் வழியாக வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு பல்லும் மற்றவற்றைவிட விலகி நின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மேல் கியர் அங்கே வந்து இடறுகிறது, அதுதான் அந்த டிக். நான்கு அச்சையும் கழற்றினேன். நான்கும் அதே இடத்தில், அதே மாதிரி பிளந்திருந்தன.

ஓடித் தேய்ந்ததால் வந்தது இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிளாஸ்டிக் கியரின் துளையை அச்சைவிடக் கொஞ்சம் சிறிதாக வைத்து அழுத்தி ஏற்றுகிறார்கள், வழுக்காமல் பிடித்துக்கொள்ள. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் விஷயம். அதிகமாகிவிட்டால் கியர் பிறந்த நாளிலிருந்தே உள்ளிருந்து விரியும் அழுத்தத்தில் நிற்கிறது, வருடக்கணக்கில் தாங்கி ஒரு நாள் விட்டுவிடுகிறது. பல கம்பெனிகளின் வண்டிகளில் இது நடந்திருக்கிறது.

ஒட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒட்டாது. இந்தக் கியர்கள் பெரும்பாலும் அசிட்டால் என்கிற வழுக்கலான பிளாஸ்டிக், சூப்பர் குளூ இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் விடும். மாற்று கியர் வாங்குங்கள், பல் எண்ணிக்கையும் துளை அளவும் சரியாக இருக்க வேண்டும். புதியதை ஏற்றும்போது அது சுத்தியலால் அடித்து ஏற்றுகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால், துளையைப் பெரிதாக்குகிற ரீமர் என்கிற கருவியால் ஒரு சுற்று சுற்றித் தளர்த்திவிட்டு ஏற்றுங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஸ்டார்டர் செட், அதாவது இன்ஜின், தண்டவாளம், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்த பெட்டி, கொண்டு வந்தார். பிளக்கில் போடலாமா?

நிறுத்துங்கள். அதோடு வருகிற கன்ட்ரோலரின் அடியில் இருக்கிற லேபிளைப் படியுங்கள். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், நமக்கு 230. உள்ளீடு 100-240 என்று போட்டிருந்தால் தைரியமாகப் போடலாம், பிளக் முனை மாற்றினால் போதும். 120 என்று மட்டும் போட்டிருந்தால், நம் பிளக்கில் போட்ட சில நொடியில் டிரான்ஸ்பார்மர் புகையும். அதற்குள் தண்டவாளத்தில் இரு மடங்கு வோல்டேஜ் ஏறி இன்ஜினின் விளக்கும் போர்டும்கூடப் போயிருக்கும். எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் பிறந்தநாள் அன்றே இது நடந்து பிள்ளைகள் அழுதார்கள்.

ரிச்சி தெருவில் 230-ஐ 110 ஆக்குகிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் கிடைக்கும். அல்லது 12 வோல்ட் டிசி அடாப்டர் ஒன்றும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்றும் வாங்கி நீங்களே கன்ட்ரோலர் செய்துகொள்ளலாம். ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட மறக்காதீர்கள். இன்ஜின் தடம் புரண்டால் அடுத்த நொடி ஷார்ட் சர்க்யூட்தான்.

நேர் பாதையில் நன்றாகப் போகிறது, பாயிண்டில் மட்டும் தடம் புரள்கிறது.

பாயிண்டைத் திட்டுவதற்கு முன்னால் சக்கரத்தை அளந்து பாருங்கள். ஒரு அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, முதுகிலிருந்து முதுகுக்கு, எச்ஓவில் 14.4 மி.மீ. ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் சக்கரத்தின் முதுகு, பாயிண்டில் பக்கத்தில் காவலாக வைத்திருக்கிற சின்னத் தண்டவாளத்தில் முட்டி ஏறும், கூடினால் சக்கர விளிம்பு பாயிண்டின் மூக்கில், அந்த முக்கோணத்தின் முனையில், போய் இடிக்கும். புது இன்ஜினில் ஒரு அச்சு 14.4, பக்கத்து அச்சு 14.0 என்று இருந்ததை நானே அளந்திருக்கிறேன். தொழிற்சாலையில் ஒரு நிமிடம் அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

டிஜிட்டல் காலிப்பர் இப்போது விலை மலிவு, ஒன்று வாங்கி வையுங்கள். சக்கரத்தைத் திருகியபடியே மெல்ல இழுத்தால் நகரும். நேராகப் பிடித்து இழுத்தால் கோணலாகி, சக்கரம் தள்ளாடும்.

ஆறு அச்சுள்ள நீளமான இன்ஜின் என்றால் வளைவையும் பாருங்கள். ஸ்டார்டர் செட்டில் வருகிற 37 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவில் அது பல நேரம் திரும்பாது. அப்படிப்பட்ட இன்ஜினை அதே வளைவோடு ஒரே பெட்டியில் வைத்து விற்பது சரியில்லை.

நம் ஊர் இன்ஜின் மாடல் பார்த்தால் ஏதோ இடிக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. நம் அகலப் பாதை 1676 மி.மீ. 1:87-ல் அது 19.3 மி.மீ. வர வேண்டும். நாம் ஓட்டுகிற தண்டவாளம் 16.5, அது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கான அளவு. ஆக நம் இன்ஜின்கள் எல்லாம் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறுகலான பாதையில் நிற்கின்றன. உடம்பு அகலம், கால் ஒடுக்கம். முன்னாலிருந்து பார்த்தால் உடனே தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. தனியாகத் தண்டவாளம் செய்துகொள்ளாத வரை இதற்கு வழி இல்லை, நானும் 16.5-லேயே ஓட்டுகிறேன்.

ஆனால் போகியில், அதாவது இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்குகிற சட்டத்தில், செய்கிற தப்பை மன்னிக்க முடியாது. டபிள்யூடிஎம்-2 என்கிற டீசல், 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து பிறகு வாரணாசியில் வருடக்கணக்கில் கட்டப்பட்டது. என் தலைமுறைக்கு ரயில் என்றாலே அதன் சத்தம்தான். அதன் மூன்று அச்சு போகியில் நடு அச்சு சரியாக நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். டபிள்யூஏஎம்-4 மின்சார இன்ஜினிலும் அதே வகை போகிதான். மாடல் செய்கிறவர்கள் கையில் கிடைத்த வெளிநாட்டு அடிப்பகுதியை எடுத்து, சம இடைவெளியில் மூன்று சக்கரம் உள்ளதன் மேல் நம் இன்ஜினின் உடம்பை 3டி பிரிண்ட் எடுத்துக் கவிழ்த்துவிடுகிறார்கள். பெயிண்ட் அழகாக இருக்கும், இன்ஜினைப் பராமரிக்கிற ஷெட்டின் பெயர்கூட எழுதியிருக்கும், நடையே மாறிப்போயிருக்கும். ராயபுரம் ஷெட்டின் டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜின் என்றால் சம இடைவெளி சரிதான், அது வேறு போகி. வாங்குவதற்கு முன் நிஜ இன்ஜினின் பக்கவாட்டுப் படத்தையும் மாடலின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சக்கரங்களை மட்டும் பாருங்கள்.

நீளத்தையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டபிள்யூஏபி-7 இருபதரை மீட்டர், 87-ஆல் வகுத்தால் 23.6 சென்டிமீட்டர். மாடல் 21 சென்டிமீட்டர்தான் இருந்தால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள்.

என் பழைய இன்ஜினின் அடிச்சட்டம் வீங்கி விரிசல் விட்டிருக்கிறது. துருவா?

துரு இல்லை, துத்தநாகச் சீக்கு. அடிச்சட்டமும் எடைக்கட்டியும் பெரும்பாலும் துத்தநாகத்தோடு அலுமினியம் கலந்த உலோகத்தில் வார்க்கப்படுகின்றன. வார்க்கும்போது ஈயம் மாதிரி ஏதாவது மிகச் சிறிய அளவு கலந்துவிட்டால்கூடப் போதும், உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வருடங்கள் கழித்துச் சட்டம் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. என்று நீண்டு, மேல் உடம்பைப் பிளந்துவிடும், கடைசியில் பிஸ்கட் மாதிரி கையில் உதிரும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், இரண்டும் சென்னையில் தாராளம். வந்த பிறகு மருந்து கிடையாது. பக்கத்தில் இருக்கிற இன்ஜினுக்குத் தொற்றுமா என்று பயப்பட வேண்டாம், தொற்றாது.

காரணம் 1920-களிலேயே தெரிந்துவிட்டது, சுத்தமான துத்தநாகம் வாங்கினால் தீர்ந்தது. அப்படியும் இந்த நூற்றாண்டில் செய்த இன்ஜின்களில் இது வந்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கோபம். மேல் உடம்பை மட்டும் உடனே கழற்றிக் காப்பாற்றுங்கள்.

நான்கு பெட்டிக்கு மேல் இழுக்கவில்லை, சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

எடை போதவில்லை. உலோகச் சக்கரம் தண்டவாளத்தில் தன் எடையில் நான்கில், ஐந்தில் ஒரு பங்குதான் இழுக்கும். 400 கிராம் இன்ஜின் என்றால் 80, 100 கிராம் இழுவை. இதைத் தெரிந்துகொண்டே எடையைக் குறைத்து, ஈடுகட்ட ரப்பர் வளையம் மாட்டுகிறார்கள். வளையம் நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் இறுகி வெடிக்கும். வளையத்தை மாற்றுங்கள், உள்ளே இடம் இருந்தால் ஈயத் துண்டு வையுங்கள், இரண்டு போகிக்கும் சமமாக.

டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஓட்டுகிற முறை, போடலாமா?

அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்கிற சின்ன போர்டுதான் டிகோடர், இன்ஜினில் அதற்கு சாக்கெட் இருந்தால் போடலாம். எட்டு முள், 21 முள், பிளக்ஸ்22, நெக்ஸ்ட்18 என்று வகைகள், எது என்று கையேட்டில் இருக்கும். சாக்கெட் கொடுத்துவிட்டு டிகோடர் உட்கார இடம் விடாத இன்ஜின்களும் உண்டு, திறந்து பார்த்துவிட்டு டிகோடர் வாங்குங்கள். டிகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் சும்மா நிறுத்தி வைக்காதீர்கள். மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகும், சுருளுக்குள் இரும்பு இல்லாத கோர்லெஸ் மோட்டாராக இருந்தால் எரிந்தே போகும்.

சென்னை வெயிலிலும் ஈரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையும் பரணும் வேண்டாம், மே மாதத்தில் அங்கே பிளாஸ்டிக் வளையும். பெட்டிக்குள் வருகிற ஸ்பாஞ்சை முதல் வேலையாக எடுத்துவிடுங்கள். சில வருடத்தில் அது பிசுபிசுத்து, பெயிண்டோடு ஒட்டி, எடுக்கும்போது தோலை உரித்துக்கொண்டு வரும். அதற்குப் பதில் வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் சக்கரத்தையும் தகட்டையும் மாதம் ஒரு முறை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், உப்புக் காற்று சும்மா விடாது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். பிசினாகிக் கியரைக் கட்டிப்போடும், அப்படி வந்த மூன்று இன்ஜினைச் சுத்தம் செய்திருக்கிறேன். பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் என்று போட்டிருக்கிற எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. தொழிற்சாலையில் அப்பி அனுப்புகிற கிரீஸும் சில நேரம் மெழுகாக இறுகியிருக்கும், அதை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினேன், பழுதாக வந்தது. திருப்பி அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் கட்டுபடியாகாது. மாடல் ரயிலும் சுங்கத்தில் பொம்மைக் கணக்குதான். பொம்மைக்கான அடிப்படை வரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. கட்டிய வரி போகட்டும் என்று விட்டாலும், போகிற கூரியர் செலவு, மாற்றுப் பொருள் வரும்போது மறுபடி சுங்கம் என்று இன்ஜின் விலையைத் தொட்டுவிடும். அதனால் அனுப்புகிற கடையிலேயே பெட்டியைத் திறந்து ஓட்டிப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள், பல கடைகள் கேட்டால் செய்கிறார்கள். வந்ததும் பெட்டி திறப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். அரை மணி முன்னால், அரை மணி பின்னால் மெதுவாக ஓட்டுங்கள். கோளாறு இருந்தால் இன்ஜினைத் திருப்பி வாங்கச் சொல்லாமல், கெட்டுப்போன உதிரி பாகத்தை மட்டும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கவரில் வந்துவிடும்.

பழைய இன்ஜின் ஒருவர் விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பெயிண்ட், கைப்பிடிக் கம்பி, எண் எல்லாம் கடைசியில். முதலில் கவிழ்த்துச் சக்கரத்தைப் பாருங்கள். ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதே அச்சின் மறு சக்கரத்தைத் திருகுங்கள், வழுக்கிச் சுற்றினால் கியரோ அச்சின் இணைப்போ விட்டிருக்கிறது. அடிச்சட்டத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், மேடு தட்டினாலோ முனை விண்டிருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திருகாணியைக் கழற்றினால் மேல் உடம்பு சுலபமாக வருகிறதா என்று கேளுங்கள். பசை போட்டு மூடிய இன்ஜினை நாளைக்கு யாராலும் பழுது பார்க்க முடியாது. அப்புறம் மிகக் குறைந்த வேகத்தில், முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டிக் காட்டினால் போதும் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள், எந்த இன்ஜினும் வேகமாக ஓடும்.